கடைசி மேசைக் கண்

எங்கள் பக்கத்தில் கண் வைத்தியர்களுக்குத் தட்டுப்பாடு என்று சொல்கிறவர்கள் மன்னார்த் தீவில் எங்கள் தோட்டவெளிக்கு வந்து பார்க்க வேண்டும். போன வருடம் நான் லேசர் செய்வதா வேண்டாமா என்று யோசிக்கத் தொடங்கியதுதான் தாமதம், எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே நாளில் கண் வைத்தியர்களாகிவிட்டார்கள். சைக்கிளில் மீன் கொண்டு வருகிறவர், "பத்து நிமிச வேலை, பிள்ளை. படுக்கிறது, எழும்புறது, அவ்வளவுதான்" என்றார். அவர் வாழ்நாளில் கண்ணுக்கு ஒரு சொட்டு மருந்துகூட விட்டவரில்லை. பக்கத்து வீட்டுக்காரி, லேசர் செய்தால் பிறகு பிள்ளை தங்காது என்றாள். நாற்பத்து மூன்று வயதில் கல்யாணமே செய்யாமல் இருக்கிற என்னிடம் வந்து அதைச் சொல்வதற்கு ஒரு தனித் துணிச்சல் வேண்டும். கனடாவில் இருக்கிற மச்சாள் தொலைபேசியில், "இஞ்ச எல்லாரும் செய்யினம், பல்லு மினுக்கிற மாதிரி" என்றார். நீங்கள் செய்தீர்களா என்று கேட்டேன். இல்லையாம், பயமாம்.

இத்தனை பேரும் என் கண்ணைப் பற்றிப் பேசினார்கள். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு நான் என்ன செய்கிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் போகவில்லை.

நான் வேலை செய்வது ஒரு நண்டுக் கொம்பனியில். விடத்தல்தீவுப் பக்கமிருந்தும் தீவின் கரைகளிலிருந்தும் வருகிற நண்டை அங்கே அவித்து, உடைத்து, சதையை எடுத்து, டின்னில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். வெள்ளை மேலங்கி, தலைக்கு வலை, வாய்க்கு மூடி, காலுக்கு ரப்பர் சப்பாத்து போட்டுக்கொண்டு பெண்கள் வரிசையாக நின்று உடைப்பார்கள். எடுத்த சதை தட்டுத் தட்டாகக் கடைசி மேசைக்கு வரும். அந்தச் சதைக்குள் ஓட்டுத் துணுக்கு ஏதும் கிடக்கிறதா என்று பார்த்து எடுப்பதுதான் கடைசி மேசையின் வேலை. கேட்க லேசாக இருக்கும். சதையும் வெள்ளை, துணுக்கும் வெள்ளை. குருணை அரிசியில் பாதிதான் இருக்கும், நாரோடு நாராக ஒட்டிக்கொண்டு கிடக்கும். எங்கேயோ ஒரு நாட்டில் யாரோ ஒரு கனவான் அதைக் கடித்துப் பல்லை நோகடித்துக்கொண்டால், இங்கே மனேஜர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவார்.

அந்த மேசையில் நான் பதினொரு வருடம். என் வித்தை என்னவென்று சொன்னால் சிரிப்பீர்கள். கண்ணாடியைக் கழற்றி மேலங்கிப் பையில் போடுவேன். தட்டை முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுவருவேன். அவ்வளவுதான். என் கண் மைனஸ் நாலேகால். தெருவில் எதிரே வருவது மாடா மனிதரா என்று கண்ணாடி இல்லாமல் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு சாணுக்குள் வந்த எதுவும் என்னிடமிருந்து தப்பியதில்லை. நல்ல கண் உள்ள பெட்டைகள் மேசை விளக்கைக் கிட்ட இழுத்து, கண்ணைச் சுருக்கி, தலையிடி என்று பனடோல் கேட்பார்கள். நான் பேசிக்கொண்டே பொறுக்குவேன்.

நண்டு குறைகிற மாதங்களில் உடைக்கிற பெண்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கடைசி மேசையில் இருக்கிறவர்களை மட்டும் அனுப்புவதில்லை. என் அடுப்பு வருடம் முழுக்க எரிவது அந்த மேசையால்தான். இதை யாரும் எனக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை, ஆனால் லேசர் என்ற பேச்சு வந்தபோது எனக்கே அது புத்தியில் படவில்லை. அதுதான் வெட்கக்கேடு.

ஏனென்றால் ஆசை எனக்கும் இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நண்டு அவிக்கிற அறைக்குள் காலை வைத்தவுடன் கண்ணாடி வெள்ளை பிடித்துவிடும். வாய்மூடி போட்டால் மூச்சு விடுகிற ஒவ்வொரு தரமும் வெள்ளை. சோளகக் காற்று தொடங்கினால் பாலத்தில் பஸ் போகிற நேரம் முழுக்க ஒரு கை கண்ணாடியில். விடிய எழும்பினால் சுவரில் மணி பார்க்க முதலில் கண்ணாடியைத் தடவ வேண்டும். மூக்கில் இரண்டு பக்கமும் இரண்டு குழி. இதெல்லாம் ஒரு நாளில் போய்விடும் என்று ஒருவர் சொன்னால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால் என்னைப் பிடித்துத் தள்ளியது அக்காதான். அக்காவுக்கு என்னைவிட எட்டு வயது கூட. யுத்தத்தால் இந்தியாவில் அகதி முகாமில் இருந்த காலத்தில் அம்மாவுக்கு அடிக்கடி சுகமில்லாமல் போக, என்னைக் குளிப்பாட்டித் தலை இழுத்துப் பள்ளிக்கூடம் அனுப்பியவர் அவர். அந்த உரிமையை இன்றுவரைக்கும் விடவில்லை. அத்தான் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும்தான் வீட்டில். அக்காவின் மகன் பிரான்சில். அவனுக்குக் கல்யாணம் பேசி முடிந்திருந்தது, லேசர் செலவு முழுக்கத் தன்னுடையது என்று அவனே சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு அக்காவின் வாயை மூட முடியுமா? கல்யாணப் படத்தில் நான் கண்ணாடியோடு நின்றால் கிழவி போல இருக்குமாம். ஃப்ளாஷ் பட்டுக் கண் இருக்கிற இடத்தில் இரண்டு லைட் எரியுமாம். தன் தலைமயிர் முழுக்க வெள்ளை, அதை மறந்துவிட்டுத்தான் இந்தப் பேச்சு.

ஒருநாள் நான் வேலையால் வந்து சப்பாத்துக் கழற்ற முன்னமே, "நாளைக்கு லீவு போடு. டவுனில கண் காம்ப். பேர் குடுத்திட்டன்" என்றார்.

"ஆரைக் கேட்டுக் குடுத்தனீங்கள்?"

"உன்னைக் கேட்டா நீ நாளைக்கு, நாளையிண்டைக்கு எண்டு சொல்லிச் சொல்லியே கிழவியாப் போவாய்."

மன்னார் டவுனில் ஒரு மண்டபத்தில் அந்தக் காம்ப். கொழும்பில் உள்ள ஏதோ ஒரு தனியார் கண் ஆஸ்பத்திரிக்காரர் நடத்தியது. வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு படம். ஒரு பெட்டை சிரித்துக்கொண்டு கண்ணாடியைக் கழற்றி வீசுகிறாள். நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். அவள் மூக்கில் ஒரு தழும்பும் இல்லை. வாழ்நாளில் ஒருநாள்கூடக் கண்ணாடி போடாத மூக்கு அது. என்னை ஏமாற்றுவதென்றாலும் கொஞ்சம் பாடுபட்டு ஏமாற்ற வேண்டாமா?

உள்ளே டை கட்டிய ஒரு பெடியன் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள் தந்தான். நாங்கள் லேசருக்குப் பொருத்தமானவர்களா என்று நாங்களே கண்டுபிடிக்கலாமாம். வயது பதினெட்டுக்கு மேலா, கண்ணாடி இலக்கம் கொஞ்சக் காலமாக மாறாமல் இருக்கிறதா, கர்ப்பமா, கண்ணில் வேறு வருத்தம் உண்டா என்று வரிசையாகக் கேள்வி. கடைசிக் கேள்வி, கண்ணாடி இல்லாமல் உலகத்தைப் பார்க்க உங்களுக்கு விருப்பமா என்பது. கரையில் நிற்கிறவரிடம் வலையில் மீன் படுவது விருப்பமா என்று கேட்கிற கேள்வி. எல்லோரும் ஓம் போட்டார்கள். நானும் போட்டேன். வெட்கத்தோடுதான் சொல்கிறேன், கொஞ்சம் அழுத்தியே போட்டேன்.

கொழும்புக்கு வந்து முழுச் சோதனையும் செய்யுங்கள் என்று திகதி தந்தார்கள். சோதனைக்குத்தான் திகதி. அக்காவுக்கு அது போதும், சத்திரசிகிச்சையே முடிந்துவிட்ட மாதிரி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனேன். எங்கள் கோயிலில் வலது பக்கச் சுவரோரம் கண் வருத்தத்துக்கு வேண்டிக்கொள்கிற புனிதையின் சுரூபம் இருக்கிறது. கையில் ஒரு தட்டு, தட்டில் இரண்டு கண். எங்கள் ஆட்களின் வழக்கம் என்னவென்றால், கண் சுகமாக வேண்டும் என்று நேர்த்தி வைப்பார்கள். சுகமானால் வெள்ளியில் கண் செய்து கொண்டுபோய் அந்தப் புனிதையிடம் கொடுப்பார்கள். முதலில் சுகம், பிறகு காணிக்கை. அது எத்தனையோ காலத்து ஒழுங்கு. அன்றைக்குப் பார்க்கிறேன், தட்டில் இரண்டு கண்ணுக்கும் மேலே ஒரு கண்ணாடி மடித்து வைத்திருக்கிறது. மண்ணிறச் சட்டம். இடது காதுப்பக்கம் கழன்று, நான் செப்புக் கம்பி சுற்றிய இடம் மின்னுகிறது.

அலுமாரிக்குள் கவனமாக வைத்திருந்த என் இரண்டாவது கண்ணாடி. இது உடைந்தால் அது என்று வைத்திருந்தது.

நற்கருணைக்குப் போகிற வரிசையில் நான் என்ன செபம் சொன்னேன் என்று கேட்காதீர்கள். பூசை முடிந்து வாசலில் வைத்து அக்காவைப் பிடித்தேன்.

"அதென்ன வேலை பாத்திருக்கிறியள்?"

"நேர்த்தி."

"சுகமானாப் பிறகெல்லோ நேர்த்தி குடுக்கிறது?"

"முதலே குடுத்தா அவ மாறேலாது." அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னார், புனிதையின் காதில் விழுந்துவிடுமாம். "நீயும் மாறேலாது."

புனிதையின் கையைப் பிடித்து முறுக்கி ஒப்பந்தம் எழுதி வாங்குகிற ஒரே ஆள் என் அக்காவாகத்தான் இருப்பார். நான் உள்ளே திரும்பிப் போய் அதை எடுக்கப் பார்த்தேன். கோயிலைத் துப்புரவாக்குகிற ஐயா விளக்குமாற்றோடு குறுக்கே வந்தார்.

"குடுத்ததைத் திருப்பி எடுக்கிறேல்லை, தங்கச்சி."

"நான் குடுக்கேல்லை, ஐயா."

"ஆர் குடுத்தாலும் குடுத்ததுதான்."

வீட்டுக்கு வரும் வழி முழுக்கச் சண்டை. "புனிதைக்கு மைனஸ் நாலேகால் என்னத்துக்கு?" என்று கேட்டேன். பகிடி விடாதே, அவ கோவிப்பா என்றார் அக்கா. கோவிக்கிறதென்றால் என் கண்ணாடியைப் போட்டு வடிவாகப் பார்த்துக் கோவிக்கட்டும் என்று சொன்னேன். அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். அதோடு கதை நிற்கவில்லை. தட்டில் கண்ணாடியைப் பார்த்த சனம் முழுக்க என் லேசர் முடிவாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டது. பாதர் திகதி கேட்டார். திங்கட்கிழமை கொம்பனியில் சுப்பவைசர் மிஸ் என்னைக் கூப்பிட்டார்.

"கண் ஒப்பரேசன் எண்டு கேள்விப்பட்டன். எத்தினை கிழமை வரமாட்டீங்கள்?"

"இன்னும் ஒண்டும் முடிவில்லை, மிஸ்."

"முடிவெண்டுதான் எல்லாரும் சொல்லீனம். நான் மேசைக்கு ஒரு பிள்ளையைப் பழக்க வேணுமெல்லோ?"

அடுத்த நாளே உடைக்கிற வரிசையிலிருந்து ஒரு பெட்டை என் பக்கத்தில் வந்து நின்றாள். இருபத்திரண்டு வயதிருக்கும். என் தட்டை எட்டிப் பார்த்து, "அன்ரி, இதில ஒண்டும் இல்லையே" என்றாள். நான் அந்தத் தட்டிலிருந்து நாலு துணுக்கு எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

கொழும்புக்கு நானும் அக்காவும் விடியப் பஸ்ஸில் போனோம். ஆஸ்பத்திரி என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், கல்யாண மண்டபம் போல இருந்தது. குளிர், வாசம், மெத்தை வைத்த கதிரை. ஒவ்வொரு இயந்திரத்திலும் நாடியை ஊன்றி உள்ளே பார்க்கச் சொன்னார்கள். ஒன்றில் பச்சை வெளிச்சம், ஒன்றில் சிவப்பு வட்டம், ஒன்றில் தூரத்தில் ஒரு வீடும் அதற்கு மேலே பலூனும். கீழ் இமைக்குள் சின்னத் தாள் துண்டு சொருகிக் கண்ணீர் எவ்வளவு ஊறுகிறது என்று பார்த்தார்கள். என் கருவிழியை மலைநாட்டு வரைபடம் போல நிறம் நிறமாகக் கம்பியூட்டரில் காட்டினார்கள். அக்கா அதைக் கண்டு வாயில் கை வைத்தார்.

டொக்டர் எல்லாத் தாளையும் புரட்டிப் பார்த்தார். கருவிழித் தடிப்பு நன்று. மேடு பள்ளம் இல்லை. கண்ணீர் போதும். இலக்கம் அசையவில்லை. மிகவும் பொருத்தமான கண் என்றார். பள்ளிக்கூடத்தில் ஒரு சோதனையிலும் நான் முழுப் புள்ளி எடுத்ததில்லை. முதல் தரம் எடுத்தது கண்ணைக் கீறுவதற்கு. அக்கா என் முதுகில் தட்டினார். செய்த பிறகு சில கிழமைக்குத் தூசி, புகை, ஆவி படக்கூடாது என்று டொக்டர் சொன்னார். மன்னாரில் தூசி படாமல் இருக்கிறதென்றால் கிணற்றுக்குள்தான் இருக்க வேண்டும் என்று சொல்ல வாய் வந்தது. அவர் தமிழ் அந்தளவுக்குப் போகாது என்று விட்டுவிட்டேன். ஐந்து நிமிடத்தில் எழும்பிவிட்டார். நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவரும் கேட்கவில்லை.

கேட்டது கடைசி அறையில் இருந்த பிள்ளைதான். கண்ணாடி இலக்கம் பார்க்கிறவர், மட்டக்களப்புப் பேச்சு, முப்பது வயதுகூட இருக்காது. அக்கா வெளியே தேத்தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். பெயர், வயது, முகவரி எழுதிக்கொண்டு போனவர், "என்ன வேலை செய்யிறீங்க?" என்றார். சொன்னேன். பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கண்ணாடி போட்டுத்தான் பொறுக்கிறீங்களா?"

"இல்லை, கழட்டிப்போட்டு."

"ஏன்?"

நான் ஒருநாளும் ஏன் என்று யோசித்ததில்லை. "அப்பத்தான் தெரியும்" என்றேன்.

அவர் என் கண்ணாடியை எடுத்துத் தானே என் முகத்தில் போட்டுவிட்டார். சின்ன எழுத்து அச்சடித்த ஒரு அட்டையைத் தந்து, நண்டுத் தட்டு மாதிரிக் கிட்டப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். எழுத்து எறும்பு ஊர்வது போலக் கலங்கியது. என்னை அறியாமலே கையை நீட்டினேன். நீட்டி நீட்டி, முழங்கை நிமிர்கிறவரைக்கும் போனது. இப்போது கழற்றிப் பாருங்கள் என்றார். கழற்றி ஒரு சாணுக்குள் கொண்டுவந்தேன். முற்றுப்புள்ளிகூடத் தெரிந்தது.

"லேசர் எண்டா வேற ஒண்டும் இல்ல. இந்தக் கண்ணாடிய உங்கட கண்ணிலயே எழுதி விடுறதுதான்" என்றார். "தூரம் நல்லாத் தெரியும். ஆனா கழட்ட ஏலாது. இந்த வயசில கிட்டத்துக்கு வேற கண்ணாடி போட வேண்டி வரும். வருசம் போகப் போகக் கூடும்."

"அப்ப அந்தக் கண்ணாடியிலயும் ஆவி பிடிக்கும்."

"பிடிக்கும்."

"செய்யாட்டில்?"

"உங்களுக்கு எழுபது வயசானாலும் கழட்டினா ஒரு சாணுக்குள்ள தெரியும். வேற வருத்தம் வராட்டி."

எனக்குக் காது சூடாகியது. டை கட்டிய பெடியன் தந்த தாளில் அத்தனை கேள்வி இருந்தது, அதில் ஒன்றுகூட இதைக் கேட்கவில்லை. பிள்ளை நல்ல மனதுக்காரி. இன்னொரு வழியும் இருக்கிறது என்றார். ஒரு கண்ணைத் தூரத்துக்குச் செய்து, மற்றக் கண்ணைக் கிட்டத்துக்கு விடலாமாம். சிலருக்குப் பழகிவிடுமாம்.

"ஒவ்வொரு கண்ணும் ஒவ்வொரு பக்கம் பாக்க நான் என்ன நண்டோ?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டுக் கதவைப் பார்த்தார், யாரும் வருகிறார்களா என்று. பிறகு மெதுவாக, "நான் செய்யுங்க எண்டும் சொல்லேல்ல, செய்யாதீங்க எண்டும் சொல்லேல்ல. வேலைக்குப் போய் ஒருக்காக் கண்ணாடியோட பொறுக்கிப் பாருங்க. அதுக்குப் பிறகு முடிவெடுங்க" என்றார். அந்தக் கல்யாண மண்டபத்தில் கண்ணைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்று நினைக்கிறேன்.

வருகிற பஸ்ஸில் அக்கா என்ன நிறத்தில் சேலை எடுப்பது என்று மதவாச்சிவரைக்கும் பேசிக்கொண்டு வந்தார். நான் தூங்குகிற மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டேன்.

மறுநாள் கடைசி மேசையில் கண்ணாடியைக் கழற்றாமல் நின்றேன். வாய்மூடிக்கு மேலே ஒரு பிளாஸ்டர் ஒட்டி ஆவி வராமல் அடைத்தேன். முதல் தட்டை வழக்கம்போலக் கிட்டக் கொண்டுவந்தேன், கலங்கியது. தள்ளிப் பிடித்தேன், சதை தெரிந்தது. சதைக்குள் இருப்பது தெரியவில்லை. விரலால் தடவித் தடவிப் பொறுக்கினேன். கழுத்து வலித்தது. நெற்றி வலித்தது. மூன்று தட்டு முடிய, கடைசித் தட்டைப் பழக வந்த பெட்டையிடம் தள்ளி, "ஒருக்காப் பார்" என்றேன். அவள் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு பார்த்தாள். இரண்டு எடுத்தாள். பிறகு இன்னும் ஒன்று.

"அன்ரி, உங்களுக்குச் சுகமில்லையோ?" என்று கேட்டாள். பாவம், பகிடிக்குக் கேட்கவில்லை. அவள் முகத்தில் உண்மையாகவே பயம் இருந்தது.

நான் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். அதே தட்டை ஒரு சாணுக்குள் இழுத்தேன். அவளும் விட்ட ஒன்று அடியில் கிடந்தது. அதை எடுத்து மேசை விளிம்பில் வைத்துவிட்டுச் சுப்பவைசர் மிஸ்ஸிடம் போனேன். "நான் ஒரு கிழமையும் லீவு எடுக்கேல்லை, மிஸ். அந்தப் பிள்ளையைப் பழக்கிறதெண்டால் நான் பழக்கிறன். ஆனா என்ர இடத்துக்கு இல்லை" என்றேன். மிஸ் சரி என்றார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்து, லேசருக்கு நான் வரவில்லை என்று சொன்னேன். அந்தப் பக்கத்தில் பேசிய பெண், பயப்பட வேண்டாம் மேடம், வலிக்காது என்றாள். எனக்குப் பயம் என்று யார் இவளுக்குச் சொன்னது?

இனி அக்கா. நான் சண்டைக்கு ஆயத்தமாகத்தான் வீட்டுக்குப் போனேன். என்ன சொல்வார், நான் என்ன சொல்வேன் என்று பஸ்ஸிலேயே அடுக்கி வைத்திருந்தேன். அக்கா குசினி வாசலில் இருந்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"கொழும்புக்கு வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்" என்றேன். மேசை, தட்டு, சாண், எல்லாம் சொன்னேன். அக்கா ஆய்வதை நிறுத்தவில்லை. அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. "கலியாணப் படத்துக்கு நான் கழட்டிப்போட்டு நிக்கிறன். ஆர் எவரெண்டு தெரியாட்டிலும் எல்லாரையும் பாத்துச் சிரிக்கிறன். அது காணும்தானே?"

"படம் ஆருக்கு வேணும்?" என்றார் அக்கா.

"பின்ன இவ்வளவு நாளும் என்னத்துக்கு என்ர உயிரை வாங்கினனீங்கள்?"

அக்கா இலைக் காம்பை ஒருபக்கம் ஒதுக்கினார். "திரும்ப ஓட வேண்டி வந்தா என்ன செய்வாய்?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. எங்கே ஓடுவது என்று கேட்டேன்.

"வள்ளத்தில ஏறேக்க உன்ர கையைப் பிடிச்சு இழுத்தது நான்தான். அந்த இழுவையிலதான் கண்ணாடி தண்ணிக்குள்ள விழுந்தது. நான் கண்டனான். குனிஞ்சு எடுக்க விடேல்லை, பின்னால சனம்."

இந்தியாவுக்குப் போன அந்தப் பயணத்தில் எனக்கு ஒன்பது வயது. கண்ணாடி தொலைந்தது ஞாபகம். எப்படித் தொலைந்தது என்று எனக்குத் தெரியாது, யாரும் சொன்னதுமில்லை. வள்ளக்காரர் எங்களை நடுக்கடல் மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போனதும், வெயில் ஏறியதும், யாரோ ஒருவரின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நடந்ததும் ஞாபகம். அது அம்மாவின் பாவாடை என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

"அது அம்மா இல்லை" என்றார் அக்கா. "ஆரெண்டு எனக்கும் தெரியாது. சனம் இரண்டாப் பிரிஞ்சு நடந்தது. நீ அந்தப் பக்கத்துச் சனத்தோட போறாய். நான் கூப்பிட்டன். நீ திரும்பிப் பாத்தனி. என்னை நேராப் பாத்தனி. பாத்துப்போட்டுத் திரும்பி, அந்தப் பொம்பிளையின்ர பாவாடையைப் பிடிச்சுக்கொண்டு போனனி."

அவர் அழவில்லை. இலையை உருவிச் சுளகில் போட்டுக்கொண்டே சொன்னார். காற்றில் தன் குரல் எனக்குக் கேட்கவில்லை என்றும், மணலில் விழுந்து எழும்பி ஓடிவந்து பிடிக்கிறவரைக்கும் நான் தன்னை அடையாளம் காணவில்லை என்றும் சொன்னார். அந்த இந்திய முகாமில் ஒரு கண்ணாடி கிடைக்கும்வரைக்கும் நான் எங்கே போனாலும் தான் பின்னால் வந்தது அதனால்தான் என்றார்.

பதினொரு வருடமாக ஒரு சாணுக்குள் இருப்பது எதுவும் என்னிடமிருந்து தப்பியதில்லை என்று பெருமை பேசுகிறவள் நான். ஒரே வீட்டில், ஒரே குசினியில் இருக்கிற இந்த மனுசியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. கல்யாணப் படம் என்றார், நம்பினேன். நக்கலடித்தேன்.

ஆனாலும் என் முடிவு பிழை என்று எனக்கு அப்போதும் படவில்லை, இப்போதும் படவில்லை. அந்தக் கண்ணை விட்டால் எனக்கு வேலை இல்லை. அதனால் நான் அக்காவுக்குப் பக்கத்தில் குந்தி, ஒரு பிடி இலையை எடுத்து ஆய்ந்துகொண்டு, என்னால் முடிந்தவரை மெதுவாகச் சொன்னேன்.

"அதெல்லாம் முடிஞ்சுது, அக்கா. இனி ஆர் ஓடப் போகினம்?"

அக்கா தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "அப்பவும், வள்ளம் ஏற முதல் நாள் பின்னேரம்வரைக்கும் அம்மா அப்பிடித்தான் சொல்லிக்கொண்டு இருந்தவ."